வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டில் தொல்லியல் முதுகலை

தொல்லியலை வெளிநாட்டில் பயில விரும்பும் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களில் நான்கினுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். முதற் கடிதத்தில் உள்ள ஐயங்கள் பலருக்கும் பொதுவானவை என்பதால் அதற்குரிய பதில் நீண்டிருக்கிறது.

கேள்வி: நான் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு படித்துவிட்டுச் சில ஆண்டுகளாக அலுவலக வேலையில் இருக்கிறேன். பிரிட்டனில் ஓராண்டுத் தொல்லியல் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் மாதம் புறப்பட வேண்டும். கீழடி பற்றிப் படித்ததிலிருந்துதான் இந்த ஆர்வம் வந்தது. ஆனால் இதுவரை ஓர் அகழாய்வுக் குழியில்கூட நான் இறங்கியதில்லை. இளங்கலையிலேயே தொல்லியல் படித்தவர்களோடு என்னால் ஈடுகொடுக்க முடியுமா? புறப்படும் முன் எதைப் படிப்பது, எதைப் பழகுவது? – வாசகி, ஈசூன்

பதில்: வரலாற்றுப் பட்டம் உங்களுக்குக் குறையாகாது. சான்றை எடைபோட்டுப் பார்க்கவும் வாதத்தை ஒழுங்காக எழுதவும் நீங்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். குழி வெட்டுவதில் தேர்ந்த மாணவர்கள் பலர் அதற்குத்தான் திணறுகிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது கால அளவைப் பற்றியே. பிரிட்டனின் ஓராண்டு முதுகலையில் பாடங்கள் இரண்டு பருவங்களில், வசந்தகாலத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதன்பின் கோடைமுழுதும் ஆய்வேடு எழுதி, செப்டம்பர் வாக்கில் ஒப்படைக்க வேண்டும். ஆய்வேடு பல இடங்களில் 12,000 சொற்களுக்கு மேல் இருக்கும். தலைப்பையும் வழிகாட்டும் ஆசிரியரையும் ஜனவரி, பிப்ரவரிக்குள் முடிவுசெய்யும்படி கேட்பார்கள். போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக ஆர்வத்தைத் தேடிக்கொள்ளலாம் என்று எண்ணிச் செல்பவர்களுக்கு அந்த நிதானம் கிடைப்பதில்லை. ஆகவே நீங்கள் கையில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது ஒரு கேள்வி. அது சிறியதாகவும், கிடைக்கக்கூடிய சான்றைக் கொண்டு விடை காணத் தக்கதாகவும் இருக்க வேண்டும்.

கீழடியால் ஈர்க்கப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 2014–15 பருவத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. 2023ஆம் ஆண்டு அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தமிழ் இளையர்களை இத்துறையின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்ததில் அந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. உங்களுக்கு அதில் உள்ள பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் தமிழர் நாகரிகம் எவ்வளவு பழமையானது என்ற கேள்வியோடு வகுப்பறைக்குள் நுழையாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வேட்டில் விடை சொல்ல முடியாது. ஆசிரியர்கள் உங்களிடம் கேட்கப்போவது வேறு: காலக்கணிப்புக்கு எடுத்த கரித்துண்டு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? எழுத்துப் பொறித்த பானை ஓடும் அந்தக் கரியும் ஒரே காலத்தில்தான் அங்கே வந்து சேர்ந்தன என்பதற்கு என்ன சான்று? எலி வளையோ பிற்காலத்தில் தோண்டிய குழியோ அடுக்குகளைக் கலைத்திருக்கக்கூடுமா? தமிழ்நாட்டின் தொன்மையை உலகம் ஏற்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர் இந்தக் கேள்விகளைப் பிறரைவிடக் கடுமையாகக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டின் ஆய்வு வரலாறு இதற்குச் சிறந்த பாடமாக இருக்கும். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியைச் சேர்ந்த அரிட்டைன் வகை மட்கல ஓடுகள் கிடைத்தன. ஐரோப்பாவில் அவற்றின் காலம் முன்பே அறியப்பட்டிருந்தது. எனவே அவற்றோடு கிடைத்த உள்ளூர்க் கலங்களுக்கும், அவற்றைப் போன்ற கலங்கள் கிடைத்த தென்னிந்திய ஊர்களுக்கும் காலம் குறிக்க ஒரு பிடிமானம் கிடைத்தது. உட்புறத்தில் சிறு பள்ளங்களால் ஆன வட்ட வரிசைகள் கொண்ட ரவுலட்டட் கலங்களிலும் மத்தியதரைக்கடலின் சாயலே காணப்பட்டது. பிறகு பழைய சான்றுகளை மறுபடி ஆராய்ந்த தொல்லியலாளர் விமலா பெக்லி, 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழாய்வு நடத்தினார். ரோம வணிகம் பெருகுவதற்கு முன்பே அவ்வூரில் மக்கள் வாழ்ந்ததும் ரவுலட்டட் கலங்கள் முன்பு கருதியதைவிடப் பழையவை என்பதும் அவருடைய ஆய்வுகளால் தெளிவாயின. களிமண்ணின் கனிமங்களையும் வேதிக்கூறுகளையும் சோதித்த ஆய்வுகள் அக்கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று காட்டின. அதே வகைக் கலங்கள் இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்ற இடத்திலும் கிடைத்திருக்கின்றன. ஒரு பானை ஓட்டைப் பற்றிய முடிவு சில பத்தாண்டுகளில் இவ்வளவு மாறியிருக்கிறது. மாறிய ஒவ்வொரு படியிலும் என்ன சான்று, என்ன முறை, யார் எதை ஐயுற்றார் என்பதைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள். இத்தகைய பொருளிலிருந்து ஓர் ஆய்வேட்டுக்கு உரிய சிறு கேள்வியைப் பிரித்தெடுப்பது உங்களைப் போன்ற வரலாற்று மாணவிக்கு இயலாத செயலன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் அகழ்ந்தெடுத்த பொருள்களை நேரில் ஆராய்ந்து எழுதலாம் என்று திட்டமிட்டால், உரிய துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. கோடைக்காலம் மூன்று மாதமே இருக்கும் படிப்பில் அனுமதிக்குக் காத்திருந்து ஆய்வேட்டை இழப்பது வருந்தத்தக்கது. அச்சில் வெளிவந்த அகழாய்வு அறிக்கைகள், அல்லது நீங்கள் படிக்கும் நாட்டின் அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருக்கும் சேகரிப்புகள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட தலைப்பே ஓராண்டுப் படிப்புக்குப் பொருந்தும்.

இனி, புறப்படும் முன் பழக வேண்டியவை. மண்ணடுக்குகளின் முன்பின் உறவைப் புரிந்துகொள்வதே இத்துறையின் அடிப்படை. அவ்வுறவை ஒரு வரைபடமாக எழுதும் முறையை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்தார். அதை ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்பார்கள். ஏதேனும் ஓர் அகழாய்வு அறிக்கையில் உள்ள குழியின் வெட்டுமுகப் படத்தை எடுத்துக்கொண்டு, எந்த அடுக்கு எதற்கு முந்தியது, எந்தக் குழி எந்த அடுக்கை வெட்டிச் செல்கிறது என்று நீங்களே அந்த முறையில் எழுதிப் பாருங்கள். கரிமம்-14 காலக்கணிப்பு முறையைப் பற்றி, அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டு என்பதோடு நிறுத்திவிடாமல், ஆய்வகம் தரும் எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும்போது ஏன் திருத்தம் தேவைப்படுகிறது, ஏன் விடை ஒற்றை ஆண்டாக வராமல் ஒரு கால வரம்பாக வருகிறது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். நிலவரைபடத் தரவுகளைக் கையாளும் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாலை நேரங்களில் அதைப் பழகிவிட்டீர்களானால் உடன் படிப்பவர்களில் பலரை முந்திவிடுவீர்கள்.

குழியில் இறங்காததைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், உங்கள் ஊரின் மண்ணிலிருந்தே தொடங்கலாம். ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் 1984இல் நடத்திய அகழாய்வு, 14ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூருக்கு மண்ணிலிருந்தே சான்று தந்தது. அகழாய்வுக் குழி ஒன்று அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதே குன்றில் 1928இல் கிடைத்த பொன் அணிகலன்களையும், 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல் என்ற பழங்கல்வெட்டின் எஞ்சிய துண்டையும் தேசிய அரும்பொருளகம் பாதுகாத்து வருகிறது. அணிகலன்கள் தற்செயலாக வேலையாட்களின் கையில் சிக்கியவை. மிக்சிக் எடுத்தவை மண்ணடுக்கு குறிக்கப்பட்டவை. இரண்டு வகைச் சான்றும் நமக்கு எந்த அளவுக்கு விடை தருகின்றன என்பதை ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எம்பிரஸ் பிளேசில் 2015இல் நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 3 டன் பொருள்கள் கிடைத்தன. இப்படி வரும் ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, வகைபிரித்து, எண்ணிட்டுப் பதியும் வேலைக்குத் தன்னார்வலர்கள் இங்கே உதவியிருக்கிறார்கள். அத்தகைய வாய்ப்பு இப்போது உண்டா என்று கேட்டு எழுதுங்கள். சீன வெண்ணீலக் கலத்தின் ஓட்டையும் உள்ளூர்ச் சுடுமண் ஓட்டையும் தொட்டுப் பார்த்தே பிரித்தறியும் பழக்கம், பெருந்தொகை கட்டிச் சேரும் கோடைக்கால அகழாய்வுப் பயிற்சி முகாமைவிட உங்களுக்கு அதிகம் உதவும் என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு செல்லுங்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் உள்ள, சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துக் கப்பல் சரக்கு, 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலைச் சேர்ந்தது. அது வணிக நிறுவனம் ஒன்றால் மீட்கப்பட்டது என்பதால், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது தொல்லியலாளர்கள் எதிர்த்தார்கள். 2011இல் அக்கண்காட்சி கைவிடப்பட்டது. பெட்ரா பிராங்கா அருகே கண்டறியப்பட்டு 2021இல் அறிவிக்கப்பட்ட இரு கப்பல் சிதைவுகளோ தொல்லியலாளர்களாலேயே அகழப்பட்டவை. சிங்கப்பூரிலிருந்து வந்தவர் என்றதும் வகுப்பில் உங்களிடம் பெலித்துங் பற்றிக் கேட்பார்கள். சரக்கின் அழகைச் சொல்வதோடு நில்லாமல், அது மீட்கப்பட்ட விதத்தால் என்னென்ன தகவல்கள் இழக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது பற்றியும் உங்களுக்கென ஒரு கருத்து இருக்கட்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனின் முதுகலையில் 50 தேர்ச்சி. 70ஐத் தொட்டால் அது மிக உயர்ந்த தரம். முதற் கட்டுரைக்கு 62 வந்தால் கலங்க வேண்டாம். கருத்தரங்க வகுப்புகளில் பேசாமல் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டிருக்கும் நம் வழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தொல்லியல் படிக்க இலண்டன் போக வேண்டும் என்று என் மகள் உறுதியாக இருக்கிறாள். தடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் எவ்வளவு செலவாகும், திரும்பி வந்தால் இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கணவர் யோசிக்கிறார். – ஒரு தாய், செங்காங்

பதில்: அம்மா, வெளிப்படையாகவே சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இப்படிப்புக்கு 25,000 பவுண்டோ அதற்கு மேலோ வாங்குகின்றன. ஒரு பவுண்டு 1.70 சிங்கப்பூர் வெள்ளி என்று கொண்டால் கட்டணம் மட்டுமே 42,500 வெள்ளி. தங்குமிடமும் உணவும் இதில் சேரா. இலண்டனில் அவை மிக அதிகம். விசாக் கட்டணத்தோடு மருத்துவச் சேவைக்கான கட்டணமும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டம் உள்நாட்டு உயர்கல்விக் கழகங்களுக்கு உரியது; வெளிநாட்டுப் படிப்புக்கு அதை எடுக்க இயலாது. பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர் விசா இடம் தந்தாலும், ஓராண்டுப் படிப்பின் வாசிப்புச் சுமைக்கு நடுவே அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை இரு நாடுகளின் நிலைமையும் வேறு. பிரிட்டனில் 1990 முதல், ஓர் இடத்தில் கட்டுமானத்துக்கு அனுமதி கோருபவர் தேவைப்பட்டால் தம் செலவிலேயே அங்கே தொல்லியல் ஆய்வு நடத்தித் தரும் நடைமுறை வேரூன்றியது. அதனால் அங்கே களப்பணியாளர்களுக்கு வேலை உண்டு. ஊதியம் பெரிதன்று, வெளிநாட்டவருக்கு வேலை விசாவும் எளிதன்று. சிங்கப்பூரில் தொல்லியலாளர் என்ற பெயரிலேயே உள்ள முழுநேரப் பணியிடங்கள் மிகச் சில. திரும்பி வருபவர்கள் அரும்பொருளகம், மரபுடைமைப் பணி, ஆவணக் காப்பு, ஆசிரியப் பணி, வெளியீட்டுத் துறை என்று பரவியே வேலை தேட வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு நிலவரைபட மென்பொருளோ, பொருள் பாதுகாப்போ, அரும்பொருளகப் பணியோ கைவசம் இருந்தால் அத்தேடல் எளிதாகும். ஆகவே பாடத்திட்டத்தில் அவை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டை வைத்துக் கடன் வாங்க வேண்டாம். பணம் போதாவிட்டால், கிடைத்த இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஓராண்டில் மகள் சேமிக்கவும் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். மரபுடைமைத் துறையில் பணிபுரிய ஒப்பந்தம் செய்துகொண்டு பெறும் உதவித்தொகை கிடைத்தால், படிப்புச் செலவுக்கும் திரும்பி வந்தபின் வேலைக்கும் ஒருசேர வழி பிறக்கும். இலண்டன்தான் வேண்டும் என்பதையும் ஒருமுறை பேசிப் பாருங்கள். டர்ஹம், யார்க் பல்கலைக்கழகங்களின் தொல்லியல் துறைகள் நற்பெயர் பெற்றவை. அந்த ஊர்களில் வாழ்க்கைச் செலவும் இலண்டனைவிடக் குறைவு.

கேள்வி: பிரிட்டன் தவிர வேறு எந்த நாடுகளைக் கருதலாம்? எனக்குக் கடலடித் தொல்லியலிலும் தென்கிழக்காசியாவிலும் ஈடுபாடு. – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கடலடித் தொல்லியல் என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் சவுத்ஹாம்டனும் முதலில் பார்க்கத்தக்கவை. நெதர்லாந்தின் லைடனில் தொல்லியலுக்கென்றே ஒரு தனிப் புலம் இயங்குகிறது. அமெரிக்காவில் தொல்லியல் பெரும்பாலும் மானிடவியல் துறைக்குள் அடங்கும். அங்கே முதுகலைக்குச் செலவழிப்பதைவிட, ஆய்வில் உறுதியாக இருப்பவர் ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் நீளும் முனைவர் படிப்புக்கு நேரடியாகவே விண்ணப்பிப்பது நல்லது. சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் நிதியுதவியும் கிடைக்கும். ஆனால் தென்கிழக்காசியா உங்கள் ஈடுபாடு என்றால் தொலைவில் இருப்பதுதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வு மையம் கெடாவின் சுங்கை பத்துவில் அகழ்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் முதுகலை இருக்கிறது. செலவு குறைவு, களம் அருகில். பிற்காலத்தில் உடன் உழைக்கப்போகிறவர்களும் அங்கேயே உங்களுக்கு அறிமுகமாவார்கள்.

கேள்வி: தமிழை மேல்நிலை வரை படித்திருக்கிறேன். வெளிநாட்டில் தொல்லியல் படிக்கும்போது அதனால் பயன் உண்டா, அல்லது விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விடுவதே நல்லதா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கட்டாயம் குறிப்பிடுங்கள். இந்தியப் பெருங்கடல் வணிகத்தை ஆராய்பவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சான்றுகளோ பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. தாய்லாந்தின் தக்குவா பா கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகிறது. சீனாவின் குவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது.

இவற்றுள் நமக்கு மிக அருகில் உள்ளது சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த கல்வெட்டு. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த அதில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பேசப்படுகிறார்கள். கற்பூரத்துக்குப் பெயர்போன அந்தக் கரையில் தமிழ் வணிகர் இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932இல் அக்கல்வெட்டைக் கொண்டு எழுதினார். பிற்பாடு 1990களில் பிரெஞ்சு – இந்தோனேசியக் குழு அங்கே அகழ்ந்தபோது, அக்குடியிருப்பு 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. தென்னிந்தியக் கலங்களோடு சீனக் கலங்களும் அங்கே கிடைத்தன. கல்வெட்டை மட்டும் படித்தவருக்கு முந்தைய இருநூறு ஆண்டுகள் தெரிந்திருக்கா. ஓடுகளை மட்டும் பார்த்தவருக்கு ஐந்நூற்றுவரின் பெயரே கிடைத்திருக்காது. இரண்டையும் படிக்கக்கூடிய மாணவர் தேவைப்படும் இடம் இதுதான், நீங்கள் அங்கே நிற்கத் தகுதியானவர்.

ஆனால் மேல்நிலைத் தமிழ் கல்வெட்டைப் படிக்கப் போதாது. தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழ் எழுத்து ஆகியவற்றைத் தனியே பயில வேண்டும். கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பட்டிருக்காது, நெடிலும் குறிலும் மயங்கும் என்பதற்கும் கண் பழக வேண்டும். புறப்படும் முன் உள்ள மாதங்களில், எழுத்துப் பெயர்ப்போடு வெளியான சோழர் கல்வெட்டுப் படிகள் சிலவற்றை எடுத்து, முதலில் பெயர்ப்பை மூடிவைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்துப் பாருங்கள். விண்ணப்பக் கட்டுரையில் தமிழ் என் தாய்மொழி என்று மட்டும் எழுதாமல், எந்த எழுத்துமுறையை எந்த அளவுக்கு வாசிக்கப் பயின்றிருக்கிறீர்கள், எந்தக் கல்வெட்டை எந்தக் கேள்வியோடு அணுக விரும்புகிறீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள். சேர விரும்பும் துறையில் தென்னாசியாவையோ தென்கிழக்காசியாவையோ ஆராயும் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்து, விண்ணப்பிக்கும் முன்பே அவருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத துறை, தர வரிசையில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், உங்கள் பட்டியலில் கடைசியிலேயே இருக்கட்டும்.